அம்மாவின் சந்தேகங்கள்

பிரா பட்டை அழுத்தித் தோளில் விழுந்திருந்த பள்ளங்களை மகள் காட்டினாள். மார்பின் பாரத்தால் கழுத்து, முதுகு எல்லாம் வலி.

"ஆபரேஷன்ல குறைச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா.

"தழும்பு போகாதே?" அம்மா முந்திக்கொண்டாள்.

"மங்கும். முழுசா மறையாது."

"நாளைக்குக் குழந்தை பிறந்தா பால்?"

"குறையலாம். சிலருக்கு வராமலே போகலாம். யோசிச்சு முடிவெடுங்க."

வராந்தாவுக்கு வந்ததும் மகள் வெடித்தாள். "ஏம்மா தடுக்கிற? என் வேதனை உனக்கென்ன தெரியும்?"

"தெரியும்டி. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவதான். உங்கப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வலி விட்டுப்போச்சு. நீயும் தாராளமா பண்ணிக்கோ. ஆனா எனக்கு யாரும் சொல்லாததை நீ தெரிஞ்சுக்கணும்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ பிறந்தப்போ எனக்குப் பால் வரல. பிள்ளை மார்ல வாயே வைக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பெத்தவளையே வேண்டாம்னவள்னு உன் அத்தைங்க இன்னிக்கும் உன்னைக் கேலி பண்றாங்க. நான் வாயைத் திறக்கல."

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வாய் வைக்காம இல்லடி. பசியில முட்டி முட்டி அழுதே."