பால்கனியில் ஒரு பிராசசர்

புதிய வீடியோ கேம் பெட்டிக்கு எந்த பிராசசர் என்பதை, ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எட்டு மாதம் சோதித்துத் தீர்மானித்தாயிற்று. சோதனைப் பொறியாளர் தீப்திக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. அதைச் சோதனைப் பலகையோடும் திரையோடும் பிடுங்கி வந்து, டாக்குரியா பகுதியிலுள்ள அலுவலகத்தின் பால்கனியில் மே மாத வெயிலில் ஓடவிடுகிறாள். பத்தாவது நிமிடம், திரையில் ஓடுகிற வீரன் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்துபோகிறான். பக்கத்துக் கம்பியில் காகம் தன் இறக்கையால் தனக்கே விசிறிக்கொள்கிறது. "வேகம் இதுக்குத்தாம்மா ஜாஸ்தி. கையெழுத்தைப் போடு," என்கிறார் மேலாளர் ஜம்புநாதன். "ஏசி இல்லாத வீட்டுக் குழந்தை இதை எங்க வெச்சு விளையாடும் சார், ஃப்ரிட்ஜுக்குள்ளயா?" "அவாள்லாம் நம்ம கஸ்டமரே இல்லை." தீப்தி ஒப்புதல் படிவத்தை வாங்கி அந்த பிராசசரின் மேலேயே விரிக்கிறாள். அவள் கையெழுத்து விழவேண்டிய இடம் பழுப்பேறி, கருகி, ஓட்டையாகிறது. படிவத்தைக் காப்பாற்ற நீட்டிய விரலை ஜம்புநாதன் வாயில் வைத்துக்கொள்கிறார்.