வேர்க்காத ஊரில் ஒரு ஏசி

பென்ஷன்காரர் குல்லாயை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார்.

பக்கத்து வீட்டு டீச்சர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏசி இன்னும் பாகம் பாகமாகக் கட்டிலில் கிடந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் நாச்சிமுத்து ஃபில்டரைத் தட்டினான். பொலபொலவென்று சாம்பல் கொட்டியது.

"ஏனுங்க சார், ஏசிக்குள்ள எப்படிங்க விறகுச் சாம்பல் வரும்?"

அவர் கணப்பைப் பார்த்தார். அங்கே விறகு எரிந்துகொண்டிருந்தது.

ஊர் குன்னூர். மின்விசிறி வாங்குகிறவனையே ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊர். தோகாவிலிருந்து விடுப்பில் வந்த மகனுக்கு ஏப்ரலில் ஒரு மதியம், ஒரே ஒரு மதியம், வேர்த்தது. மறுவாரம் சுவரில் ஏசி இருந்தது.

மகன் திரும்பிப் போனான். வேர்வையும் போனது.

ஏசி இருந்தது.

ஓடினால் உள்ளே பனி கொட்டும். வெளிச்சுவரில் மாட்டிய பெட்டி ரயில் எஞ்சின் மாதிரி அனல் ஊதும். முதல் நாளே குரங்குகள் வரிசையில் வந்து முதுகு காய்ந்தன. மூத்த குரங்குக்கு முன்னால் இடம் விட்டன. தள்ளுமுள்ளு எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு.

"இந்தக் குளிருக்கு இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது சார். உங்க பெட்டி முன்னாடி வெச்சுக்கட்டுமா?"

வைத்தார். பொங்கியது.

அன்றிலிருந்து சாயங்காலம் வைக்க ஒரு முறை. காலையில் எடுக்க ஒரு முறை. இரண்டு முறையும் சுவரோரம் நின்று கொஞ்சம் ஊர்ப்பேச்சு. ஞாயிறு மட்டும் டீச்சர் மாவு ஆட்டுவதில்லை. அந்தச் சாயங்காலம் மட்டும் இருட்டவே இருட்டாது.

தனியாக இருக்கிறவருக்குத் தினமும் எதற்கு மாவு என்று அவர் கேட்டதில்லை. வேர்க்காத ஊரில் எதற்கு ஏசி என்று டீச்சரும் கேட்டதில்லை.

டிசம்பரில்தான் சிக்கல் வந்தது. அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதைப் பார்த்து, இங்கே எனக்கென்ன வேலை என்று ஏசி நின்றுவிட்டது.

அவர் கணப்பை மூட்டி அறையைச் சூடாக்கினார். ஏசிக்கு ரோஷம் வந்தது. ஓடியது.

ஒரு பக்கம் நெருப்பு. ஒரு பக்கம் பனி. நடுவில் அவர் கம்பளிக்குள் கிடந்து, அப்பளம் சுடுவதுபோல் தன்னைத்தானே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புகை புகுந்து ஃபில்டர் அடைக்கும். நாச்சிமுத்து மலையேறி வருவான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் கூலி ஏற்றுவான். இறங்கும்போது குறைக்கமாட்டான். அவர் பென்ஷன் வளைந்து வளைந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் காப்பி ஒரு வேளையாகக் குறைந்தது.

நாச்சிமுத்து ஃபில்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"கம்ப்ரசர் போயிருச்சுங்க சார். புதுசு போடற காசுக்கு எருமையே வாங்கிக் கட்டிரலாமுங்க. கழட்டிக் குடுத்துருங்க, நானே எடுத்துக்கறேன்."

அவர் ஜன்னலுக்குப் போனார். வந்தார். கணப்பைக் கிளறினார். மறுபடியும் போனார்.

"வெளிய இருக்கற ஃபேன் சுத்துமா?"

"சுத்துமுங்க. அனல் வராதுங்க."

"சத்தம் வருமா?"

"அது வருமுங்க."

"அதை மட்டும் ஓட விட்டுட்டுப் போப்பா."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தான். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைப் பார்த்தான்.

அன்று மட்டும், இறங்குகிற வளைவுகளுக்குக் கூலியைக் குறைத்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. பெட்டி உறுமிக்கொண்டு வெறும் காற்றை ஊதியது. குரங்குகள் வந்தன. முதுகைக் காட்டிப் பார்த்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போய்விட்டன.

டீச்சர் வந்தார். வழக்கமான இடத்தில் தூக்கை வைத்தார். பெட்டியின் காற்று பட்டது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நல்லா ஓடுதே சார்."

"சர்வீஸ் பண்ணினேன் டீச்சர்."

போய்விட்டார்.

அவர் வெந்நீர்ப் பையை ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே வந்தார். பையை அடியில் வைக்கலாம் என்று பாத்திரத்தைத் தூக்கினார்.

அடி சுட்டது.

அடியெல்லாம் விறகுச் சாம்பல்.

மூடியைத் திறந்தார். மாவு விளிம்புவரை பொங்கிக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

அவர் டீச்சர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். புகை போய்க்கொண்டிருந்தது. தினமும் இந்த நேரத்துக்குப் போகிற புகைதான். அவர் பார்த்ததில்லை. அவர் பார்வை எப்போதும் வாசலில்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்ன சார், பொங்குதா?"

அவசரமாக மூடினார். மாவு மூடியைத் தூக்கியது. அவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள எங்க டீச்சர்? காலைலதான் பொங்கும்."



"அப்ப நாளைக்கும் ஆட்டறேன் சார்."

நாளை ஞாயிற்றுக்கிழமை.