கடைசிக் காய்

கடத்தப்பட்ட கப்பலின் சமையல்காரர் ரொசாரியோவுக்கு, காவலிருந்த துப்பாக்கிக்காரன் சைகையிலேயே பேக்கமன் ஆட்டம் கற்றுக்கொடுத்தான். பகடை உருட்டி, பதினைந்து காய்களையும் பலகையிலிருந்து முதலில் வெளியேற்றுபவருக்கே வெற்றி. நேற்று அவனை ஜெயித்த மாலுமியை மேல்தளத்துக்கு இழுத்துப்போனார்கள்; அவர் திரும்பி வரவில்லை.

“அண்ணே, தோத்துருங்க,” என்று கிசுகிசுத்தான் உடன் பிடிபட்டிருந்த மிக்கேல்.

“தோக்கவும் ஆட்டம் தெரியணும்ல,” என்றார் ரொசாரியோ.

உருட்டும்போதெல்லாம் அவருக்குப் பெரிய எண்களே விழுந்தன. கடைசியில் ஒரே காய்தான் மீதி. எந்த எண் விழுந்தாலும் அது வெளியேறிவிடும். துப்பாக்கிக்காரனுக்கு இன்னும் நான்கு இருந்தன.

ரொசாரியோ பகடைகளை அவன் பக்கம் தள்ளினார். முறை வந்தால் ஆடியே தீரவேண்டும் என்று விரலை ஆட்டி, அவற்றை அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் கையை இறுக மூடிக்கொண்டார். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.