நாலு விடையிலும் இல்லாதது

“பத்தியை முழுசா படிக்கிறவன் முட்டாள்! கேள்வியை மட்டும் பாரு. தெரியலைன்னா மூணாவது விடையை டிக் அடி!”

நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் ஆங்கில வாத்தியார் சொன்னபடி நடக்கிற உத்தமர். அவரும் எதையும் முழுசாகப் படித்ததில்லை. எந்தப் பத்திக்கும் பொருந்துகிற ஐந்து கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகளும் கரும்பலகையில் நிரந்தரமாக இருந்தன. ஏதாவதொரு ஆங்கிலத் தாள் கிடைத்தால் போதும். இன்று தன் மேசைமேல் கிடந்ததை நாற்பது நகல் எடுத்து வந்திருந்தார்.

இரண்டே நிமிடத்தில் முப்பத்தொன்பது பேர் பேனாவை மூடிவிட்டார்கள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் விரல் வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா ஆமை, மனப்பாடம் பண்ணி மேடையில ஒப்பிக்கப் போறியா? எழுதினவரோட நோக்கம் என்ன? சொல்லு பார்ப்போம்.”

வகுப்பு சிரித்தது. அவள் எழுந்தாள்.

“போர்டுல இருக்கிற நாலு விடையிலயும் அது இல்லை சார். ஒரு வாத்தியாரை வேலையை விட்டு அனுப்புறதுதான் நோக்கம்.”

“எவன் அந்த வாத்தியார்?”

“நீங்கதான் சார். கீழே நம்ம சென்டர் முதலாளி கையெழுத்து போட்டிருக்காரு. படிக்காமலே பாடம் நடத்துறீங்களாம்.”

வாத்தியார் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் படித்தார். விரல் வைத்து, வரி வரியாக.