ரஸ்ஸலுக்கு ஏற்ற வண்டி

"படுக்கையை இன்னும் ஒரு சாண் நீட்டுங்க, நெவில். முழங்காலை மடக்கிப் படுத்தா அவனுக்குத் தூக்கம் வராது. அவனுக்குத் தூக்கம் வரலேன்னா பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்கும் வராது."

ப்ராடோ ஜீப்பின் பின்கதவில் சாய்ந்து நின்றபடி சொன்னவள் ஹீதர். ஐம்பதை நெருங்கியவள். பக்கத்தில் நின்ற பிரையனி அவளைவிடப் பத்து வயதாவது இளையவள். ஹீதர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா ஊரில் நெவிலுக்கு இதுதான் தொழில். பிள்ளைகளையும் மளிகைச் சாமான்களையும் சுமந்து களைத்த வண்டிகளை, பாலைவனத்தில் தங்கித் தங்கிப் போகிற வண்டிகளாக மாற்றித் தருவான். வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் பொறுமையாகப் பார்ப்பான். மனிதர்களைப் பற்றி ஒரு சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது.

இன்று அப்படி ஒரு சந்தேகம். வண்டி பிரையனியின் கணவன் ரஸ்ஸலுடையது. இருவரும் அடுத்த மாதம் பாலைவனத்தைக் கடந்து வடகோடி டார்வின் நகரம் வரை போகிறார்கள். ஆறு வாரப் பயணம். இதெல்லாம் ரஸ்ஸலே போனில் சொன்னது. ஆனால் இந்த ஹீதர் யார்?

"ரஸ்ஸல் கூரைமேல கூடாரம் வேணும்னாரே?" என்று கேட்டுப் பார்த்தான்.

"கேப்பான், கேப்பான். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து இறங்குவான். ஏணி ஆடும், டார்ச் கீழே விழும், கெட்ட வார்த்தை வரும். வேண்டவே வேண்டாம்."

"முன்னாடி நாலு பெரிய விளக்கு?"

"ஒண்ணுகூட வேண்டாம். விளக்கு இருந்தா இருட்டினப்புறமும் ஓட்டுவான். கங்காரு குறுக்கே வந்துச்சுன்னா கதை முடிஞ்சுது."

பிரையனி மெதுவாக, "வழி காட்டுற திரை?" என்றாள்.

"அதை உன் பக்கம் வச்சுக்கோ. அவன் கண்ணுல பட்டா அதோடயும் சண்டை போடுவான்."

நெவில் சிரித்துக்கொண்டே பின்சீட்டைக் கழற்றித் தூக்கினான். அடியில் பிஸ்கட் தூள், பழைய பென்சில், ஒரு மஞ்சள் கிளிப். ஹீதர் சட்டென்று குனிந்து கிளிப்பை எடுத்தாள்.

"அட, நம்ம குட்டி டெஸ்ஸோடது! இதுக்காக ஒரு நாள் முழுக்க அழுதாளே!"

துடைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவாக இருக்க வயது போதாது. தோழியா? தோழிக்கு, தோழியின் புருஷன் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறான் என்பது எப்படித் தெரியும்? நெவில் கணக்குப் போட்டுக்கொண்டே திருகாணிகளைப் பொறுக்கினான்.

"இன்னொண்ணு" என்றாள் ஹீதர். "வெளியில இருந்தே எடுக்கிற மாதிரி ஒரு மடக்கு நாற்காலி மாட்டுங்க. அவனுக்குக் கோபம் வந்தா எங்கேயாவது தனியா உட்காரணும். நாற்காலி கைக்கு எட்டலேன்னா வண்டிக்குள்ள உட்கார்ந்து கதவைப் பூட்டிக்குவான். நாம வெளியில ஈக்கூட்டத்துல நிக்கணும்."

பிரையனி சிரிக்கவில்லை.

"ஹீதர், நெஜமாவே நான் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பேனா? ஒரு ராத்திரிகூட நான் வெளியில தங்கினதில்லை. போகும்போது கைகோத்துக்கிட்டுப் போயி, திரும்பி வரும்போது மூஞ்சியைக்கூடப் பாக்காம வந்தவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! எனக்கு இந்த மனுஷன் வேணும். அதான் பயமா இருக்கு."

ஹீதர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தாக்குப்பிடிப்பே. கண்டிப்பாத் தாக்குப்பிடிப்பே. நான் எதுக்கு இருக்கேன்? காலையில டோஸ்ட் மட்டும் சூடாக் குடுத்துடு. மீதியை இந்த வண்டி பார்த்துக்கும்."

நெவிலுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. விடையும் கிடைத்துவிட்டது. உள்ளே போய் மூன்று கோப்பைத் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டு வந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. என் பொண்டாட்டியோட ஒரே அறையில அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டா. கிறிஸ்துமஸுக்குக்கூட ரெண்டு பேரையும் ரெண்டு மூலையிலதான் உட்கார வைக்கணும். நாத்தனார்னா உங்களை மாதிரி இருக்கணும்!"

பிரையனிக்குத் தேநீர் புரையேறியது.

"நாத்தனாரா? இவங்க ரஸ்ஸலோட முதல் பொண்டாட்டி, நெவில்!"

நெவில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. அவன் ஹீதரைப் பார்த்தான், பிரையனியைப் பார்த்தான், மறுபடி ஹீதரைப் பார்த்தான். இப்படியும் ஒரு பெரிய மனசா?

பிரையனி கோப்பைகளைக் கழுவ உள்ளே போனாள். அவன் கேட்டேவிட்டான்.

"உங்க இடத்துக்கு வந்த பொண்ணுக்கு இவ்வளவு செய்றீங்களே, எப்படிங்க மனசு வருது?"

ஹீதர் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதே வண்டியில, இதே மாதிரி ஒரு பயணத்துல, பாலைவனத்து நடுவுல கூபர் பீடியில நான் இறங்கி பஸ் பிடிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவன் என் வீட்டு வாசல்லயே வந்து நின்னான். இவ வந்தப்புறம்தான் நான் நிம்மதியாக் கதவைத் திறக்கிறேன். இவளும் பாதி வழியில இறங்கிட்டான்னு வைங்க, அவன் நேரா எங்க வந்து நிப்பான்னு நெனைக்கிறீங்க?"