இரண்டாவது ஃபிலிம்

ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையின் ஜன்னலில் அவள், எழுத்துகளைக் கருப்பாக அச்சிட்ட கண்ணாடி போன்ற ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கிறாள். எழுத்தின் கருப்புக்குள் வெயில் கசிகிறது. கருப்பு வெளிச்சத்தை முழுதாக மறைக்காவிட்டால் ஸ்கிரீனில் எழுத்து சரியாக விழாது. அதே எழுத்துகளை இன்னொரு ஃபிலிமில் அச்செடுத்து, கருப்பு அடர்த்தியாக முதலாவதின் மேல் வைக்கிறாள். இரண்டும் மயிரிழை பிசகக் கூடாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் டேப் ஒட்டுகிற வேலை. "இந்த மூலைய கொஞ்சம் பிடிங்களேன்." ஸ்டூலில் இருக்கும் கணவர் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். "வேணாம்மா, நடுங்கும்." போன வாரம் வாடிக்கையாளர் முன்னால் அவள்தான் கத்தினாள்: "கை நடுங்குதுன்னா தள்ளிப் போய் உக்காருங்க!" அவர் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒரு மூலையை முழங்கையால் அழுத்தி, டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டி, மறுபடி வெளிச்சத்தில் பார்க்கிறாள். கருப்பு நன்றாக ஏறியிருக்கிறது; எழுத்தெல்லாம் நடுங்கினாற்போல் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது.