விற்றவர் சொன்ன விலை

"நாற்பதாயிரமா? என்ன தம்பி விளையாடறீங்களா? இங்க பாருங்க!"

மனைவி செல்போனை வந்தவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மலைமேல் ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை அவர்களுடையது. டைம்ஷேர் என்பார்கள். கணவன் ஆசைப்பட்டான் என்று, அவள் வேலையை விட்டபோது வந்த மொத்தத் தொகையையும் போட்டு வாங்கியது. போனது இரண்டே தடவை. போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அதை விற்றுவிட்டு, பிசியோதெரபி சென்டர் ஆரம்பிக்க அவள் ஓர் இடமும் பார்த்துவிட்டாள்.

வாங்க வந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். போனை உற்றுப் பார்த்தார்.

"கடைசியா மூணு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போயிருக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு தொண்ணூறு, ரெண்டு எண்பது. எல்லாம் இதே ரிசார்ட். வித்தவங்களே இந்த வெப்சைட்ல போட்ட விலை" என்றாள் மனைவி.

"அந்த வெப்சைட்ல யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் போடலாம் அக்கா. ரசீதா கேக்கறாங்க?"

"வித்து முடிச்சவங்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

கணவன்தான் வாயைத் திறந்தான்.

"தம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கார். கொடுத்துடலாமே..."

"நீங்க சும்மா இருங்க."

கணவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மின்விசிறி என்னவோ முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டரைக்குக் கீழே பேச்சே இல்லை" என்றாள் மனைவி.

டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்தார். "வேற ஒருத்தர் முப்பத்தஞ்சுக்கே தரேங்கறார். யோசிச்சுச் சொல்லுங்க அக்கா."

கதவு சாத்தியதுதான் தாமதம், மனைவி திரும்பினாள்.

"என் பணத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கச் சொல்ல எப்படிங்க மனசு வந்தது உங்களுக்கு?"

கணவன் ஜன்னல் பக்கம் போனான். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அந்த விலையெல்லாம் பொய்."

"அந்த ஆள் சொன்னதையே நீங்களும்..."

"போட்டது நான்தான்."

அவள் செல்போனில் அந்த விலைகளை மறுபடி பார்த்தாள்.

"மூணுமா?"

"மூணும். மூணு பேர்ல."

"எதுக்கு?"

"முதல் தடவை நீ பார்த்தப்ப அதுல முப்பதாயிரம்னு இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டலை நீ. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டை அளைஞ்சுட்டு எழுந்து போயிட்டே. அதான் ஒண்ணு போட்டேன். அதைப் பார்த்துட்டு நீ சிரிச்சே. அப்புறம் இன்னொண்ணு..."

"அதை நம்பி அந்த இடத்துக்காரர்கிட்ட அட்வான்ஸ் பேசிட்டு வந்திருக்கேங்க! சரி, என்னை விடுங்க. ஊர் உலகமே பார்க்கற இடமாச்சே, எவனாவது நம்பி வாங்கித் தொலைச்சிருந்தா?"

"அதை நான் யோசிக்கலை."

"யோசிக்கணும். பொய்யில நல்ல பொய், கெட்ட பொய்னு எல்லாம் கிடையாது!"

அவளே டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. கணவன் அவள் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"தம்பி, நாற்பதுக்கே எடுத்துக்குங்க... அந்த இன்னொருத்தர்கிட்ட சரின்னு சொல்லிடலையே?... அப்பாடா. நாளைக்கு வந்துடுங்க."

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. அவர்தானோ, மனசு மாறிவிட்டாரோ என்ற பதைப்பில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அந்த ரிசார்ட்ல ஒரு வாரம் விற்பனைக்குன்னு உங்க விளம்பரம் பார்த்தேன்." புதிய பெண் குரல்.

"அது வித்துடுச்சுங்க."

"வாங்கறதுக்கு இல்லம்மா. போன மாசம்தான் அங்க நானும் ஒரு வாரம் வாங்கினேன். ரெண்டே முக்காலுக்கு. வெப்சைட்ல மூணு பத்துன்னு இருந்தது. லாபம்னு நினைச்சுட்டேன்."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எழுதி வாங்கியாச்சு, இனிமே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நான் ஏமாந்துட்டேன்னு யாரோ எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து பிரஷர் இறங்க மாட்டேங்குது. டாக்டர் கவலையே படக்கூடாதுங்கறார். இதோ பக்கத்துலதான் படுத்திருக்கார், கேட்டுட்டே இருக்கார். உங்களுது எவ்வளவுக்கும்மா போச்சு? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கணவன் எழுந்து வந்தான். "கொடு. உண்மையை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன்" என்று ரகசியக் குரலில் சொல்லிக் கையை நீட்டினான்.

மனைவி அந்தக் கையைத் தள்ளிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"மூணு லட்சத்துப் பதினஞ்சாயிரத்துக்குப் போச்சும்மா. நீங்க மலிவாத்தான் வாங்கியிருக்கீங்க."